இது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா? ரங்கூன் டியூஷன் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் நம் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'யாங்கோன்' என்று மாறி வருஷம் பல ஆனாலும் எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். வகுப்பில் என்னை 'சயாமா' என்பார்கள், பர்மியத்தில் ஆசிரியை என்று பொருள்; வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது 'அக்கா' ஆகிவிடுவேன். வீட்டில் தமிழ், பள்ளியிலும் தெருவிலும் பர்மியம், மூன்றாவதாக ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் இவர்கள். பெயர்ச்சொல் பாடம் வந்தால் ஒரே கேள்விகளைத்தான் வருஷா வருஷம் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களும், சிங்கப்பூர் வேலைக்கு மனுப் போடும் தம்பிகளும் அதையேதான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பதால் வாய்விட்டுப் படித்தால் சுலபமாகப் பிடிபடும்.

ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர்தானே நவுன்? அதற்கு மேல் என்ன இருக்கிறது?

நாலாம் வகுப்புக்கு அது போதும். நவுன் என்ற சொல்லே 'பெயர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழில் பெயர்ச்சொல். பர்மியத்திலும் 'நாம்' என்று எழுதி 'நான்' போல மூக்கில் ஒலிக்கிறார்களே, அது நம் நாமம்தான். பாலி மொழி வழியாகப் போனது. மூன்று மொழியும் 'பெயர்' என்றே சொல்கின்றன.

ஆனால் 'ஆங்கர்', அதாவது கோபம், ஆளா, இடமா, பொருளா? தாமதம் என்னும் 'டிலே' எந்தக் கணக்கில் சேரும்? இங்கேதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். பொருளை வைத்துத் தேடினால் பாதி பெயர்ச்சொற்கள் கைக்கு அகப்படாது. வாக்கியத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒருநாள் பலகையில், 'தி க்ரோம்ப் ஸ்லெப்ட் அண்டர் தி டேபிள்' என்று எழுதினேன். க்ரோம்ப் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே கிடையாது, நானாக உருட்டியது. என்னவாக இருக்கும் என்று கேட்டேன். ஒருத்தி பூனை என்றாள். பின்வரிசைப் பையன் ஒருவன், "குடிச்சிட்டு வந்த எங்க மாமா" என்றான். அர்த்தமே இல்லாத சொல்லைப் பெயர்ச்சொல் என்று இரண்டு பேரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். முன்னால் 'தி' இருக்கிறது, பின்னால் தூங்கிய வேலை இருக்கிறது. நடுவில் உட்கார்ந்தவர் வேறு யாராக இருக்க முடியும்?

அப்படியானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முன்னால் 'எ', 'தி', 'மை', 'திஸ்' போன்றவை வருமா? பன்மை 'எஸ்' ஒட்டுமா? 'உடைய' என்ற பொருளில் மேற்கொம்பு (அபாஸ்ட்ரஃபி) போட்ட 'எஸ்' ஒட்டுமா? வினைக்கு எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ நிற்குமா? 'இன்', 'ஆன்', 'ஃபார்' போன்றவற்றுக்குப் பின்னால் வருமா? எல்லாவற்றிலும் தேற வேண்டியதில்லை. இரண்டு மூன்றில் தேறினாலே பெயர்ச்சொல்தான்.

நம் இலக்கணமும் இதே வழியில்தான் போகிறது. பெயர் வேற்றுமை உருபை ஏற்கும், காலம் காட்டாது. வினை காலம் காட்டும், வேற்றுமை ஏற்காது. 'மரத்தை', 'மரத்துக்கு' என்று சொல்லலாம். 'வந்தான்' என்பதோடு 'ஐ' சேர்க்க முடியுமா? தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்தச் சோதனை ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆங்கிலப் பாடத்தில் யாரும் அதை எடுத்துக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. 'தி'க்கு அடுத்து வருவதெல்லாம் பெயர் ஆகிவிடாது. 'தி ஓல்டு வுடன் பிரிட்ஜ்' என்பதில் கடைசியில் நிற்கும் 'பிரிட்ஜ்'தான் பெயர். நடுவில் நிற்பவை அதற்குக் குடை பிடிப்பவை.

'ஹீ இஸ் ஆங்கர்' என்று எழுதினேன். சயாமா சிவப்பு மையில் சுழித்துவிட்டீர்கள். 'அவனுக்குக் கோபம்' என்றுதானே தமிழிலும் சொல்கிறோம்?

எனக்குப் பிடித்த தப்பு இது. நம் பிள்ளைகள் தமிழில் சரியாக யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்ளும் இடம்.

தமிழில் உணர்வுகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். எனக்குச் சந்தோஷம், அவளுக்குப் பயம், தம்பிக்குப் பசி. ஆளுக்கு 'கு' போட்டுவிட்டு உணர்வைப் பெயராகப் பக்கத்தில் வைக்கிறோம். பர்மியத்தில் பாருங்கள்: சந்தோஷமாக இருக்கிறேன் என்பதற்கு 'ப்யோ தே' என்கிறார்கள். 'ப்யோ' அங்கே வினைச்சொல். 'வருகிறேன்', 'போகிறேன்' போலவே 'தே' ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தால் இரண்டும் இல்லை. அங்கே அது பெயரடை. 'ஐ ஆம் ஹேப்பி', 'ஹீ இஸ் ஆங்க்ரி', 'ஷீ இஸ் அஃப்ரெய்ட்'.

ஒரே சந்தோஷம் தமிழில் பெயராக, பர்மியத்தில் வினையாக, ஆங்கிலத்தில் பெயரடையாக நிற்கிறது. பொருளைப் பார்த்துச் சொல்வகையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. தமிழிலிருந்து நேராகப் பெயர்த்தால் 'ஐ ஆம் ஹேப்பினஸ்' வரும். கேட்கிறவர், இந்தப் பெண்ணின் பெயரே ஹேப்பினஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

காய்ச்சலுக்கு மட்டும் இந்தத் தொந்தரவு இல்லை. 'எனக்குக் காய்ச்சல்' என்பதற்கு 'ஐ ஹாவ் எ ஃபீவர்'. இரண்டு பக்கமும் பெயர்ச்சொல். தலைவலியும் அப்படியே.

'கம்ப்ளெயின்ட் பண்ணினேன்' என்பதை 'ஐ கம்ப்ளெயின்டட்' என்று எழுதலாமா?

கூடாது. வினை 'கம்ப்ளெயின்', பெயர் 'கம்ப்ளெயின்ட்'. 'ஐ கம்ப்ளெயின்ட்' என்று இறந்தகாலத்தில் சொல்லும்போது கடைசி ஒலி 'வண்டி'யில் வரும் 'ட' போல மென்மையாக வரும். எழுத்தில் 'இ, டி' வரும்.

குற்றவாளி நம் 'பண்ணு'. தமிழர் வாயில் எந்த ஆங்கிலச் சொல்லும் 'பண்ணு'வோடு சேர்ந்துவிடும். டிசைட் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு என்று வினையோடும் சேர்க்கிறோம். டெலிவரி பண்ணு, கம்ப்ளெயின்ட் பண்ணு, அப்ளிகேஷன் பண்ணு என்று பெயரோடும் சேர்க்கிறோம். எது பெயர், எது வினை என்ற வித்தியாசம் அங்கேயே அழிந்துபோகிறது. பிறகு ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் 'ஐ வில் டெலிவரி டுமாரோ' என்றுதான் வரும். 'ஐ வில் டெலிவர் இட் டுமாரோ' என்பதே சரி.

ஒரு வாரம் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் 'பண்ணு' போட்டுச் சொல்கிற ஆங்கிலச் சொற்களை எல்லாம் எழுதி, எதிரே பெயர் வடிவம், வினை வடிவம் இரண்டையும் எழுதுங்கள். இலக்கணப் புத்தகத்து அட்டவணையைவிட இது நன்றாக ஒட்டும்.

'புக்' புத்தகமா, டிக்கெட் எடுப்பதா?

இரண்டும்தான். 'ஐ ரெட் எ புக்' என்பதில் பெயர். 'ஐ புக்ட் எ டிக்கெட்' என்பதில் வினை. 'வாட்டர்', 'ஹேண்ட்', 'ஃபேஸ்', 'பிளான்ட்', 'ஒர்க்' எல்லாம் இப்படி இரண்டு வீட்டுப் பிள்ளைகள். எந்த உருபும் ஒட்டாமலே ஆங்கிலம் பெயரை வினையாக்கிவிடும்.

தமிழிலும் இருக்கிறதே. 'பாயைச் சுருட்டு' என்றால் ஏவல் வினை. தாத்தா புகைப்பது சுருட்டு, பெயர். வெள்ளைக்காரன் அந்தப் பெயரைத் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டு போய் 'செரூட்' ஆக்கினான். பர்மா என்றாலே ஆங்கிலப் புத்தகங்களில் செரூட் பிடிக்கும் பெண்கள் வருவார்கள். அந்தச் சொல் நம் வீட்டுச் சொல் என்று பிள்ளைகளிடம் சொன்னால் கண்களை அகல விரிப்பார்கள். ஆனால் 'செரூட்' ஆங்கிலத்தில் பெயராக மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. பாயைச் சுருட்ட அவர்களுக்கு 'ரோல்' வேண்டும். அதுவும் இரண்டு வீட்டுப் பிள்ளை.

'பர்மிட்', 'ரெக்கார்ட்' இவற்றைச் சொல்லும்போது ஏன் சில சமயம் வேறு மாதிரி ஒலிக்கிறது?

அழுத்தம் இடம் மாறுகிறது. பெயராக இருந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக இருந்தால் இரண்டாவதில். 'பர்மிட்' கையில் வைத்திருக்கும் தாள் என்றால் 'பர்' மீது அழுத்தம், அனுமதிப்பது என்றால் 'மிட்' மீது. பதிவேடு 'ரெக்கார்ட்', பதிவு செய்வது 'ரிகார்ட்'. பரிசு 'ப்ரெஸன்ட்', வழங்குவது 'ப்ரிஸென்ட்'. இம்போர்ட், எக்ஸ்போர்ட், இன்க்ரீஸ் எல்லாம் இதே வழக்கம். எல்லா இரட்டைச் சொற்களுக்கும் பொருந்தாது. 'ரிப்போர்ட்' எப்போதும் பின்னால்தான் அழுத்தும்.

அட்வைஸ் பெயரா, வினையா?

எழுத்தில் இரண்டு சொல். 'சி' வந்தால் பெயர், 'எஸ்' வந்தால் வினை. ஐஸ் என்பது பெயர், 'இஸ்' என்பது வினை என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துகள்தான் கடைசியில் வருகின்றன. ஒலியும் மாறும். பெயரில் கடைசி ஒலி காற்று மாதிரி 'ஸ்'. வினையில் கொசு ரீங்காரம் போல அதிரும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. பர்மியத்தில் சந்தையை 'ஸே' என்கிறார்களே, அதன் முதல் ஒலி அது. ரங்கூன் பிள்ளைக்குச் சந்தையை நினைத்தால் வந்துவிடும். மதுரைப் பிள்ளைக்கு நான் இவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

'ப்ராக்டிஸ்' பிரிட்டிஷ் எழுத்தில் இதே சி, எஸ் வித்தியாசம் காட்டும், ஒலி மாறாது. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் 'சி'தான் போடுவார்கள்.

'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்' என்று எல்லாரும் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். தப்புதான். அவை எண்ண முடியாத பெயர்கள். 'எஸ்' ஒட்டாது, 'எ', 'அன்' முன்னால் வராது. அட்வைஸ், ஹோம்ஒர்க், எக்விப்மென்ட், நியூஸ், ரைஸ் எல்லாம் இந்தக் கூட்டம். 'நியூஸ்' பார்க்கப் பன்மை போல இருக்கும், ஆனால் 'தி நியூஸ் இஸ் குட்' என்றுதான் வரும்.

மேசை நாற்காலியை எண்ண முடியுமே, ஏன் ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டை. விடை டீக்கடையில் இருக்கிறது.

ரங்கூன் டீக்கடையில் இரண்டு டீ எப்படிக் கேட்கிறீர்கள்? 'லப்பெயே நா குவெ.' டீ, இரண்டு, கோப்பை. வெறும் 'இரண்டு டீ' என்று நிறுத்த மாட்டீர்கள். மனிதர் மூவர் என்றால் 'தோன் யௌ', நாய் மூன்று என்றால் 'தோன் கௌன்', மாம்பழம் மூன்று என்றால் 'தோன் லோன்'. எண்ணுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு அளவுச் சொல், விலங்குக்கு ஒன்று, உருண்டைக்கு ஒன்று. பர்மியத்தில் எதை எண்ணினாலும் பெரும்பாலும் இப்படித்தான். எண் வந்துவிட்டால் பன்மை உருபு போடவும் மாட்டார்கள். ஆங்கிலம் அந்த வழக்கத்தைச் சில பெயர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்', 'எ பேக் ஆஃப் ரைஸ்'. ஃபர்னிச்சர் என்பது மேசையின் பெயரில்லை, மேசை நாற்காலி எல்லாம் சேர்ந்த குவியலின் பெயர்.

இந்த விளக்கம் சொன்ன அன்று கடைசி வரிசையில் ஒரு பெண், "அப்ப இங்கிலீஷ் டீக்கடையிலே 'டூ டீஸ்' சொல்லக் கூடாதா?" என்றாள். சொல்லலாம். கடையில் டீ என்றாலே கோப்பை டீ என்று இருவருக்கும் தெரியும், அதனால் செல்லும். அங்கே எண்ணப்படுவது டீ இல்லை, கோப்பை.

'ஸ்ட்ராங்' என்பதன் நவுன் ஃபார்ம் எழுதுக என்று பரீட்சையில் வருகிறது. ஏதாவது சூத்திரம் உண்டா?

முழுச் சூத்திரம் கிடையாது, வாசனை உண்டு.

சொல்லின் வாலைப் பாருங்கள். 'ஷன்' வந்தால் பெரும்பாலும் பெயர்: டிசைட், டிசிஷன், இன்வைட், இன்விடேஷன். 'மென்ட்': அக்ரீ, அக்ரீமென்ட். 'நெஸ்': கைன்ட், கைன்ட்நெஸ். 'இட்டி': எபிள், எபிலிட்டி. 'ஷிப்', 'ஹுட்', 'டம்' மூன்றும் நிலையைச் சொல்பவை: ஃப்ரெண்ட்ஷிப், சைல்ட்ஹுட், ஃப்ரீடம். 'அர்' அல்லது 'ஓர்' ஆளைக் காட்டும்: டீச், டீச்சர், ஆக்ட், ஆக்டர். ஆனால் குக் என்பவர் சமைக்கிற ஆள், 'குக்கர்' அடுப்பு. ஒரு பையன், 'மை மதர் இஸ் எ குட் குக்கர்' என்று எழுதினான். அம்மாவிடம் காட்டவில்லை.

'நெஸ்' ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. நம் 'மை' மாதிரி. இனிமை, வெறுமை, கொடுமை. பெரும்பாலான பெயரடைகளில் தைரியமாக ஒட்டலாம். 'இட்டி', 'ஷன்', 'மென்ட்' பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்தவை. 1066ல் பிரான்சின் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே வேலைக்கு இத்தனை வால்கள்.

ஸ்ட்ராங், ஸ்ட்ரெங்த் பழைய கூட்டம். லாங், லெங்த்; வைட், விட்த்; டீப், டெப்த்; ட்ரூ, ட்ரூத். பெரும்பாலும் உள்ளே உயிரொலி மாறி வெளியே 'த்' ஒட்டும். 'ஹை' மட்டும் 'ஹைட்' ஆகும், 'ஹைத்' இல்லை. மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை இவைதான்; பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

பர்மியம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி சொல்வேன். பர்மியத்தில் வால் ஒட்டுவதோடு தலையிலும் ஒட்டுவார்கள். 'லொக்' என்றால் செய், 'அலொக்' என்றால் வேலை. 'சா' என்றால் சாப்பிடு, 'அசா' சாப்பாடு. சாப்பாடும் குடிப்பதும் சேர்ந்தால் 'அசா அத்தௌ'. முன்னால் ஒரு 'அ' வந்ததும் வினை பெயராகிறது. தமிழில் செய், செயல், செய்கை. ஆங்கிலத்தில் ஆக்ட், ஆக்ஷன். மூன்று மொழியும் பெரும்பாலும் வினைக்கு ஏதோ ஒரு சட்டை மாட்டித்தான் பெயராக்குகின்றன.

'இங்' வந்தால் வினையா, பெயரா?

மூன்று வேஷம். 'ஷீ இஸ் குக்கிங்' என்பதில் வினை. 'குக்கிங் இஸ் ஹார்ட்' என்பதில் பெயர், நம் தொழிற்பெயர். 'குக்கிங் ஆயில்' என்பதில் இன்னொரு பெயருக்கு அடைமொழி.

குழம்பினால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'இட்' போடுங்கள். 'இட் இஸ் ஹார்ட்' பொருந்துகிறது, ஆகவே பெயர். 'ஷீ இஸ் இட்' உதைக்கிறது.

தொழிற்பெயர் பெயரானாலும் வினைக்குணத்தை விடுவதில்லை. 'சோற்றை ஆக்குதல்' என்பதில் ஆக்குதல் பெயர், ஆனால் சோற்றை இன்னும் செயப்படுபொருளாகப் பிடித்திருக்கிறது. 'குக்கிங் ரைஸ் டேக்ஸ் டைம்' என்பதும் அதே கதை. தமிழ்த் தொழிற்பெயர் படித்த பிள்ளைக்கு இது புதுப் பாடமே இல்லை.

பெரிய எழுத்தை எங்கே போடுவது?

தமிழில் பெரிய எழுத்து இல்லை, பர்மியத்திலும் இல்லை. அதனால் நம் பிள்ளைகளுக்கு இது கண்ணில் படவே நாளாகும். தனிப்பெயருக்கெல்லாம் பெரிய எழுத்து: ஆள், ஊர், மொழி, கிழமை, மாதம். பருவங்களுக்கு வேண்டாம், 'சம்மர்' சின்ன எழுத்துதான்.

உறவுப் பெயர்தான் சிக்கல். 'மை அங்கிள்' என்றால் சின்ன எழுத்து, 'அங்கிள் ராஜு' என்றால் பெரிய எழுத்து, ஏனென்றால் அங்கே அது பெயரோடு ஒட்டிவிட்டது. பர்மிய 'ஊ'வை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மாமா, பெரியவர் என்ற பொருளுள்ள மரியாதைச் சொல்தான். 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'ஊ'வுக்கும் பெரிய எழுத்துதான்.

'பர்மீஸ்' என்பதன் பன்மை என்ன?

பர்மீஸ். 'எ பர்மீஸ்', 'டூ பர்மீஸ்', மாறாது. ஜப்பானீஸ், சைனீஸ் அப்படியே. 1989ல் அரசு ஆங்கிலப் பெயரை மியான்மர் என்று மாற்றிய பிறகும் ஆங்கிலத்தில் மொழியைப் பர்மீஸ் என்றே பலரும் எழுதுகிறார்கள்.

இர்ராவாடிக்கு 'தி' உண்டு, இன்லே ஏரிக்கு ஏன் இல்லை?

ஆறுகளுக்கு, கடல்களுக்கு உண்டு. தனி ஏரிக்கும் ஊருக்கும் இல்லை. காரணம் கேட்காதீர்கள், வழக்கம்.

'தி ரிச்', 'தி புவர்' என்று வருகிறதே, பெயரடைக்குப் பின் ஆளைக் காணோமே?

'பெரியவர்', 'நல்லவர்' என்று தமிழ் பெயரடையோடு 'அவர்' சேர்க்கும். ஆங்கிலம் 'தி'யை மட்டும் முன்னால் வைத்துவிட்டு ஆளை ஊகிக்கச் சொல்லும். எப்போதும் அந்தக் கூட்டம் முழுவதையும் குறிக்கும், ஆகவே 'தி புவர் ஆர்' என்று பன்மை வினைதான் வரும். ஒரே ஒரு ஏழையைச் சொல்ல 'எ புவர் மேன்' வேண்டும்.

'ரைஸ் மில்' என்பதில் ரைஸ் பெயரடையா?

பெயர்தான், அடைமொழி வேலை பார்க்கிறது. 'வெரி' போட்டுப் பாருங்கள்: 'வெரி ரைஸ் மில்' வராது. உண்மையான பெயரடையாக இருந்தால் 'வெரி ஓல்டு மில்' போல வரும். பன்மை கடைசிச் சொல்லுக்குத்தான்: 'டூ ரைஸ் மில்ஸ்', 'ஃபைவ் டிக்கெட் கவுன்டர்ஸ்'.

அகராதியில் என்ன பார்க்க வேண்டும்?

பொருளைப் பார்ப்பதற்கு முன் சொல்லின் பக்கத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள். 'என்' என்ற எழுத்து பெயர், 'வி' வினை. மாணவர் அகராதிகளில் பெயருக்குப் பக்கத்தில் 'சி' இருந்தால் எண்ணலாம், 'யு' இருந்தால் எண்ண முடியாது. சில சொற்களுக்கு இரண்டும் இருக்கும்: 'ஹேர்' தலைமுடி என்றால் 'யு', சாதத்தில் கிடந்த ஒற்றை முடி என்றால் 'சி'. போன வாரம் இதைச் சொல்லி முடித்ததும் பையன் ஒருவன் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி, "சயாமா, சி" என்றான்.